கணையப் புற்றுவலிக்குச் சீலியாக் பிளெக்ஸஸ் ஊசி: போட்டபின் மலையேறி வீடு திரும்பும் நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: கோத்தகிரி சிஸ்டர்

வணக்கம். வீடு தேடிப் போய் வலித்தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே கேட்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து உள்ளே தள்ளி, தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் இருக்கும் 61 வயது ஆண். கணையத்தின் நடுப்பகுதியில் புற்று, அறுவை செய்ய முடியாத நிலை. மேல்வயிற்றில் தொடங்கி நேரே முதுகைத் துளைக்கும் வலி. மல்லாந்து படுத்தால் கூடுகிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் சற்று அடங்குகிறது. மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 மி.கி., ஆக நாளைக்கு 120 மி.கி. போகிறது. அதற்கு மேல் ஏற்றினால் நாள் முழுக்கத் தூக்கம். கூடவே பிரஷருக்கு அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸும் பிசகோடிலும்.

அடுத்த வாரம் கோவையில் 'சீலியாக் பிளெக்ஸஸ் நியூரோலிசிஸ்' (மேல்வயிற்று நரம்புப் பின்னலை ஊசிமருந்தால் அழிப்பது) செய்து மறுநாளே அனுப்பிவிடுவார்கள் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அந்த நரம்புப் பின்னல் சரியாக எங்கே இருக்கிறது? அதை அழித்தால் இந்த வலி ஏன் போகிறது? கீழே அனுப்பும் முன் இங்கேயே எதையெல்லாம் பார்த்து அனுப்பலாம்? திரும்பி வந்தபின் முதல் வாரத்தில் எதற்கு ஓட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: மயக்கவியல் கோவை

சிஸ்டர், ஊசி போட ஒரு மணி நேரம் போதும். அதன் விளைவு அடுத்த ஒரு வாரம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கும். அதனால் உடற்கூறிலிருந்து தொடங்குகிறேன். இடமும் இழைகளும் புரிந்துவிட்டால் பின்விளைவு எதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நெஞ்செலும்பின் கீழ்முனைக்கும் தொப்புளுக்கும் நடுவில் விரலை வையுங்கள். அங்கிருந்து நேரே பின்னால் போனால் கல்லீரலின் இடது மடல், இரைப்பை, கணையம், அதற்கும் பின்னால் பெருந்தமனி. 12-ஆம் மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் நேராக, பெருந்தமனியின் முன்புறத்தில், சீலியாக் தமனியும் மேல் குடல்தாங்கித் தமனியும் கிளம்பும் இடத்தைச் சுற்றி வலைபோலப் படர்ந்திருப்பதுதான் இந்தப் பின்னல். வயிற்றுக்குள் இருக்கும் தானியங்கு நரம்புப் பின்னல்களில் இதுவே பெரியது. பெரிட்டோனியத்துக்கு (வயிற்று உறுப்புகளை மூடும் சவ்வு) வெளியே, உதரவிதானத்தின் இரண்டு கால்களை ஒட்டி இருக்கிறது. கணையம் இதன் மேலேயே கிடப்பதுபோல் இருப்பதால், கணையத்தில் வரும் எதுவும் முதலில் இதைத்தான் தொடும்.

பின்னலுக்குள் வலம், இடம் என இரண்டு பெரிய நரம்பு முடிச்சுகள். முடிச்சு என்று சொன்னாலும் ஒரே உருண்டையாக இருப்பதில்லை. சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஐந்து வரை துண்டுகள். அளவும் அரை செ.மீ. முதல் 4.5 செ.மீ. வரை மாறும். வல முடிச்சு கீழ்ப்பெருஞ்சிரைக்குப் பின்னால், இட முடிச்சு இடது அட்ரீனல் சுரப்பிக்குப் பக்கத்தில். சீலியாக் தமனியின் வேரிலிருந்து அளந்தால் வலது சராசரியாக 6 மி.மீ., இடது 9 மி.மீ. கீழே இருக்கும். எலும்பை அடையாளம் வைப்பதைவிடத் தமனியை அடையாளம் வைத்தால் குறி தப்புவது குறைவு. சி.டி. அல்லது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு பார்த்துச் செய்வதை நான் விரும்புவது இதனால்தான்.

இனி இழைகள். மூன்று வகை ஒரே வழியில் போகின்றன.

முதலாவது பரிவு நரம்பு இழைகள். தண்டுவடத்தின் 5 முதல் 9-ஆம் மார்புப் பகுதியிலிருந்து பெரிய உள்ளுறுப்பு நரம்பும், 10, 11-இலிருந்து சிறிய நரம்பும், 12-இலிருந்து மிகச் சிறிய நரம்பும் கிளம்பி, உதரவிதானத்தின் கால்களைத் துளைத்துக் கீழே வந்து இந்த முடிச்சுகளில் அடுத்த நரம்புக்குச் செய்தியை மாற்றுகின்றன. வயிற்று இரத்தக் குழாய்களை இறுக்கி வைப்பதும் குடல் ஓட்டத்துக்குக் கடிவாளம் போடுவதும் இவைதான். இரண்டாவது வேகஸ் நரம்பின் எதிர்ப்பரிவு இழைகள். இவை இங்கே நிற்காமல் ஊடே போய் உறுப்பின் சுவரிலேயே மாறிக்கொள்கின்றன. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: வலியை மேலே கொண்டுபோகும் இழைகள். இவை பரிவு நரம்போடு ஒட்டிக்கொண்டு எதிர்த்திசையில் ஏறித் தண்டுவடத்துக்குப் போகின்றன.

நரம்பை அழிக்க ஊசியில் போடுவது சாராயம், அதாவது ஆல்கஹால். அதற்கு இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூன்றாவது போவதால் வலி குறைகிறது. முதலாவதும் சேர்ந்து போவதால் பிரஷர் இறங்குகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. அவருக்கு நடக்கப்போவது ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

எந்த உறுப்பின் வலிக்குக் கேட்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணையம், கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடலில் குறுக்குக்குடலின் மூன்றில் இரண்டு பங்கு வரை. அதற்குக் கீழே இடப்பக்கப் பெருங்குடல், மலக்குடல், சிறுநீர்ப்பை, கருப்பை எல்லாம் வேறு பின்னல்களைச் சேர்ந்தவை. புற்று வயிற்றுச் சுவரையோ, பெரிட்டோனியத்தையோ, முதுகெலும்பையோ பிடித்திருந்தால் அந்த வலி உடல் நரம்புகள் வழியாகப் போகும். இந்த ஊசி அதைத் தொடாது. ஒரு விரலால் 'இங்கேதான்' என்று நோயாளி தொட்டுக் காட்டும் வலியையும், கையை அகல விரித்து மேல்வயிறு முழுவதையும் காட்டும் வலியையும் பிரித்துக் கேட்டுக் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு அது ஸ்கேனுக்கு இணையான தகவல்.

செய்யும் முறை: பின்வழி என்றால் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை. 12-ஆம் விலா எலும்புக்குக் கீழே, முதுகுத் தண்டிலிருந்து 5 முதல் 7.5 செ.மீ. தள்ளி, 15 செ.மீ. நீள மெல்லிய ஊசி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. கான்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் சாயம்) செலுத்தி மருந்து எங்கே பரவும் என்று பார்த்துக்கொண்டு, உணர்விழப்பு மருந்து போட்டு, காலில் பலவீனம் வருகிறதா என்று சோதித்து, அதன்பின் 50 முதல் 100 சதவீத ஆல்கஹால், மொத்தம் 20 முதல் 50 மி.லி. ஆல்கஹால் நேரடியாகப் போனால் நெருப்பு வைத்ததுபோல் எரியும். முன்னால் உணர்விழப்பு மருந்து போடுவது அதற்கும் சேர்த்துத்தான். ஃபீனாலும் போடலாம், அது தானே மரத்துப்போக வைக்கும், ஆனால் பாகுபோல் கெட்டியானது. எண்டோஸ்கோப்பி வழி என்றால் இரைப்பையின் பின்சுவர் வழியாகவே ஊசி போகும்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? 1995-இல் 24 ஆய்வுகளில் இருந்த 1145 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், முதல் இரண்டு வாரத்தில் 89 சதவீதத்தினருக்கு நல்ல நிவாரணம். அதே கணக்கில் ஊசி போட்ட இடத்து வலி 96, வயிற்றுப்போக்கு 44, பிரஷர் இறக்கம் 38 சதவீதம்; பெரும்பாலும் தற்காலிகமானவை. பலன் பொதுவாக 3 முதல் 6 மாதம். நரம்பின் உறை மிஞ்சியிருப்பதால் இழை மெல்லத் திரும்ப வளரும். புற்றும் புதிய இடங்களுக்குப் போகும். மார்ஃபின் அறவே நின்றுபோகும் என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். அளவு குறையும், தூக்கக் கலக்கம் குறையும், மனிதர் மல்லாந்து படுத்து உறங்குவார். அதுவே பெரிய விஷயம்.

பதில்: குன்னூர் வலித்தணிப்பு

டாக்டர் சொன்னதோடு, இங்கிருந்து அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை.

இரத்தம் உறைதல்: ஐ.என்.ஆர். (இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 1.5-க்கு மேலோ, தட்டணுக்கள் 50,000-க்குக் கீழோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். மஞ்சள்காமாலை இருக்கும் கணைய நோயாளிக்கு வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் ஐ.என்.ஆர். ஏறியிருப்பது சாதாரணம். கோவை வரை மலை இறங்கிப் போனபின் இது தெரியவருவதைவிட, 4 நாள் முன்பே இரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது. குளோபிடோக்ரல், ஹெப்பாரின் ஊசி ஏதாவது போகிறதா என்று மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். வாயால் கேட்டால் 'இல்லை' என்பார்கள்.

குடிப்பழக்கத்தை விட டைசல்ஃபிரம் எடுத்தவரா? ஆல்கஹால் ஊசிக்கு அது ஆகவே ஆகாது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட உடலில் வேலை செய்யும். வீட்டில் யாராவது அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து தருவதும் நடக்கிறது. தனியாகக் கூப்பிட்டு மனைவியிடம் கேளுங்கள்.

குடல் அடைப்பு இருந்தால் செய்யக்கூடாது. கடிவாளம் போன குடல் அடைப்பை எதிர்த்து முண்டும். வாந்தி, வயிறு உப்புசம், வாயு பிரியாமை இருந்தால் சீட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

பிரஷர் மாத்திரை: ஊசி அன்று காலை நிறுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தலாமா என்று ஊசி போடும் மருத்துவரிடம் இன்றே போனில் கேட்டுவிடுங்கள். திரும்பி வந்தபின், நின்ற நிலையில் மேல் அளவு 140-ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்டு, இரண்டில் ஒன்றை மட்டும் தொடங்குவது என் வழக்கம்.

மார்ஃபின்தான் எனக்குப் பெரிய கவலை. வலி இருக்கும்வரை அந்த வலியே மூச்சை எழுப்பிக்கொண்டே இருக்கும். வலி திடீரென்று போனதும் அதே 20 மி.கி. அவருக்கு அதிகமாகிவிடும். முதல் 48 மணி நேரம் ஒவ்வொரு வேளை மாத்திரைக்கு முன்பும் வலி எத்தனை, தட்டினால் விழிக்கிறாரா, ஒரு நிமிட மூச்சு எத்தனை என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே தவறு தரும். 8-க்குக் கீழே, அதோடு எழுப்ப முடியாத தூக்கம் என்றால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆளை அழைக்க வேண்டும். நலாக்ஸோன் (மார்ஃபினை முறிக்கும் மருந்து) கையில் இருந்தால் 0.4 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, 2 நிமிடத்துக்கு அரை மி.லி. வீதம் சிரையில், மூச்சு சரியாகும்வரை. மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் வலியும், மார்ஃபின் திடீரென்று விலகுவதால் வரும் தொல்லையும் ஒன்றாகத் தாக்கும்.

அதேபோல் வலி போய்விட்டது என்று மார்ஃபினை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்று முறுக்கு, பேதி என்று வரும். அதை ஊசியால் வந்த பேதி என்று எண்ணி வேறு மருந்து கொடுப்பார்கள். 120-இலிருந்து முதலில் பாதி அளவு குறைப்பது, பிறகு இரண்டு நாளுக்கொருமுறை கால்பங்கு என்று இறங்குவது பெரும்பாலும் தாங்கும். இடையில் குத்தும் வலிக்கு ஒரு வேளை அளவு கையிருப்பில் இருக்கட்டும்.

லாக்டுலோஸும் பிசகோடிலும் ஊசிக்கு முந்தின இரவோடு நிற்கட்டும். மூன்றாம் நாள் மலம் எப்படிப் போகிறது என்று பார்த்துத் தேவையானால் திரும்பத் தொடங்கலாம்.

பதில்: கோத்தகிரி சிஸ்டர்

இருவருக்கும் நன்றி. பேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? கணையப் புற்று நோயாளிக்கு ஏற்கனவே எண்ணெய்ப் பசையாகத்தான் போகிறது. எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? இன்னொன்று: ஊசிக்கு மறுநாள் மேட்டுப்பாளையம் வழியாகக் காரில் அழைத்து வரப்போகிறார்கள். வழியில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: குன்னூர் வலித்தணிப்பு

நான்கு விதம் இருக்கும் சிஸ்டர்.

ஊசியால் வருவது நீர்த்து, அடிக்கடி, எண்ணெய் மினுக்கு இல்லாமல். பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கும். கணைய நொதி இல்லாமல் வருவது வெளிறிய நிறம், கெட்ட நாற்றம், தண்ணீரில் மிதக்கும், பீங்கானில் ஒட்டும். அதற்கு நொதி காப்சூல் சாப்பாட்டின் முதல் வாயோடு தொடங்கிப் பாதியில் இன்னொன்று. மார்ஃபின் விலகலில் வருவது வியர்வை, கொட்டாவியோடு சேர்ந்து வரும். நான்காவது ஏமாற்றும் பேதி: மலம் இறுகிக் கட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் கசியும். கையுறை போட்டு விரலால் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடைப்பு இருக்கும்போது லோபராமைடு (பேதியை நிறுத்தும் மாத்திரை) கொடுத்தால் நிலைமை கெடும்.

முதல் வகைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், லோபராமைடு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு பேதிக்கும் 2 மி.கி., நாளைக்கு 16-ஐத் தாண்டாமல். அடங்காமல் நீடித்தால் ஆக்ட்ரியோடைடு ஊசி இருக்கிறது. அதைப் போட மலையிறங்கிப் போக வேண்டிவரும். கவனிக்க வேண்டியது, மலையில் தாகம் எடுக்காது. குளிரில் நாளைக்கு மூன்று டம்ளர் தேநீரோடு நிறுத்திக்கொள்பவருக்குப் பேதியும் பிரஷர் இறக்கமும் சேர்ந்தால் எழுந்ததும் சாய்ந்துவிடுவார். குடித்ததை டம்ளர் கணக்கில் சுவரில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நாள் இரண்டு லிட்டரை எட்ட வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர் என்றால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

பதில்: மயக்கவியல் கோவை

பயணத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஓய்வாக இருக்கும்போது இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ கால்பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. அங்கே குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த நரம்பு போனபின், எழுந்து நின்றால் இரத்தம் வயிற்றிலேயே தங்கிவிடும். படுத்த நிலையில் பிரஷர் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று அனுப்புவதில் பொருளில்லை. படுத்து ஒன்று, நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20-ஓ, கீழ் அளவு 10-ஓ இறங்கினாலும், தலை சுற்றினாலும் அன்று மலையேற வேண்டாம், கீழேயே இன்னொரு இரவு தங்கட்டும். 'மறுநாளே அனுப்புவோம்' என்பது சமவெளியில் வீடு இருப்பவருக்கான கணக்கு. லைன் வீட்டுக்குக் கடைசித் தூரம் நடந்துதானே போக வேண்டும்? அதை எங்களிடம் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது நுரையீரல். பின்வழி ஊசியில் அரிதாக நுரையீரல் உறையில் காற்று புகும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், கோத்தகிரி ஏறத்தாழ 1,800, ஊட்டி 2,240. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, அடைபட்ட காற்று விரியும். கோத்தகிரிக்கு வரும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், ஊட்டிக்கு வரும்போது கால்பங்கும் கூடியிருக்கும். கீழே தொந்தரவு தராத சின்னக் குமிழி, மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டும்போது மூச்சுத்திணறலாகலாம். ஊசிக்குப் பின் மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தினால் நெஞ்சு எக்ஸ்ரே பார்க்காமல் கிளம்ப வேண்டாம். வெறும் தோள்பட்டை வலியும் விக்கலும் வருவதுண்டு. உதரவிதானம் எரிச்சலடைவதால் வருவது, ஓரிரு நாளில் போகும். ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது எக்ஸ்ரே, நம் ஊகம் இல்லை.

காரில் பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்து வரட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வந்தால் குடித்ததெல்லாம் போய்விடும். அதைத் தடுக்க மாத்திரை தேவையா என்று கிளம்பும் முன் எங்களைக் கேட்கட்டும். இறங்கும்போது நேராக எழுப்பாமல், காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரவைத்துப் பிறகு.

உடனே திரும்பி ஓட வேண்டியவை: படுத்த நிலையிலேயே மேல் அளவு 90-க்குக் கீழே, நாடி வேகம், கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, வெளிறல். இது உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு வயிறு கல்லாதல், காலில் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை.

பதில்: கொடைக்கானல் உள்மருத்துவம்

வீட்டுச் சூழலைச் சேர்த்துக்கொள்கிறேன், இங்கே பழனி மலையிலும் இதே நிலைதான். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, படி இறங்கி, இரவில் பனியில் ஈரமாக இருக்கும். பிரஷர் இறங்கிய நோயாளி விழுவது பெரும்பாலும் விடியற்காலையில் அங்கேதான். முதல் ஐந்து இரவு படுக்கைக்குப் பக்கத்திலேயே சிறுநீர்ப் பாத்திரமும் உட்கார்ந்து போகும் நாற்காலியும் இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்று குளிப்பது மலை வழக்கம். தோல் குழாய்களும் விரிந்து, வயிற்றுக் குழாய்களும் விரிந்து கிடந்தால் அங்கேயே மயங்குவார். வெதுவெதுப்பான நீரில், ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைத் தாழிடாமல். வயிற்றைச் சுற்றி அகலமான துணிப்பட்டை கட்டினால் எழும்போது இரத்தம் தேங்குவது குறையும்.

இதே பின்னலைக் குறித்து வேறு இரண்டு நோயையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி-பதிலைத் தேடி வந்து படிப்பவர்களுக்காக. நாள்பட்ட கணைய அழற்சிக்கு ஆல்கஹால் போட வற்புறுத்தாதீர்கள். நம் தென்னிந்தியாவில் குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதுண்டு. அவர்களுக்கு முன்னால் பல ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆல்கஹால் போட்ட இடம் தழும்பாகிப் பின்னால் வரும் அறுவையைக் கடினமாக்கும், நரம்பும் திரும்ப வளர்ந்துவிடும். அங்கே உணர்விழப்பு மருந்தும் ஸ்டீராய்டும் மட்டும் போடுவார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான் கேட்கும், அதுவும் சில வாரம் முதல் சில மாதம்.

மற்றது, உதரவிதானக் கால்களை இணைக்கும் வில்வடிவ நார் தாழ்ந்து சீலியாக் தமனியையும் பின்னலையும் அழுத்துவது. ஒல்லியான இளம் பெண்களில் கூடுதல். சாப்பிட்டதும் மேல்வயிற்று வலி, பயந்து சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும். எண்டோஸ்கோப்பி நார்மல் என்பதால் 'மனசுதான்' என்று அனுப்பப்படுகிறார்கள், அது அநியாயம். மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒருமுறை, உள்ளே இழுத்த நிலையில் ஒருமுறை டாப்ளர் (இரத்த ஓட்ட வேகம் காட்டும் ஸ்கேன்) பார்த்தால் வெளிவிடும்போது இரத்த வேகம் எகிறுவது தெரியும். ஆனால் அப்படி அழுத்தம் இருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர். ஸ்கேனை மட்டும் வைத்து அறுவைக்கு அனுப்பவும் கூடாது.

பதில்: ஸ்கேன் அறை

ஒரு சின்னக் குறிப்பு. சி.டி.யில் இட முடிச்சு அட்ரீனலுக்குப் பக்கத்தில் மெல்லிய தட்டாகவோ வளைந்த கோடாகவோ தெரியும். நிணநீர்க் கட்டி என்று படிக்கப்பட்டுவிடுவதுண்டு. புராஸ்டேட் புற்றுக்கு எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் இந்த முடிச்சுகள் இயல்பாகவே ஒளிரும். அதைப் பரவிய புற்று என்று எண்ணிவிடக்கூடாது. நோயாளியின் பழைய சி.டி. ஸ்கேன் படத்தையும் அது பதிந்த வட்டையும் சேர்த்தே கோவைக்கு அனுப்புங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. புற்று சீலியாக் தமனியை முழுக்கச் சுற்றியிருந்தால் மருந்து பரவ இடமிருக்காது. அப்போது உதரவிதானத்துக்கு மேலேயே உள்ளுறுப்பு நரம்புகளில் போடும் வழியை யோசிப்பார்கள். அதைப் படம் பார்த்துத்தான் முன்கூட்டி முடிவு செய்ய முடியும்.

பதில்: கோத்தகிரி சிஸ்டர்

குடும்பத்தில் இரண்டு பயம் இருக்கிறது. கால் விளங்காமல் போய்விடுமா என்பது மனைவிக்கு. அது மணிபூரகச் சக்கரம், அங்கே சாராயம் ஊற்றினால் உயிர்ச்சக்தி போய்விடும், சோறு செரிக்காது என்பது அண்ணனுக்கு. நேர்மையாக என்ன சொல்வது?

பதில்: மயக்கவியல் கோவை

கால் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இங்கிலாந்தில் செய்யப்பட்ட 2,730 ஊசிகளைத் தொகுத்துப் பார்த்தபோது 4 பேருக்கு நிரந்தரமாகக் கால் செயலிழந்தது. ஏறத்தாழ 683-க்கு ஒன்று. தண்டுவடத்தின் கீழ்ப்பாதிக்கு இரத்தம் தரும் முக்கியமான ஒரு தமனி பெரும்பாலும் இடப்பக்கம், 9 முதல் 12-ஆம் மார்பு முள்ளெலும்பு உயரத்தில் உள்ளே நுழைகிறது. ஆல்கஹால் பட்டு அது சுருங்கிவிட்டால் இப்படி ஆகும். கான்ட்ராஸ்டும் சோதனை மருந்தும் இந்த அபாயத்தைக் குறைக்கத்தான், பூஜ்யமாக்க முடியாது. எண்டோஸ்கோப்பி வழியிலும் அரிதாக நேர்ந்திருக்கிறது. 'ஆகவே ஆகாது' என்று யாராவது சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அது தவறு. எண்ணைச் சொல்லி, இப்போதைய வலியையும் சொல்லி, முடிவை அவரே எடுக்கட்டும்.

அண்ணனுக்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். மணிபூரகம் தொப்புள் இடம் என்றுதான் மரபில் சொல்வார்கள். தொப்புள் 3, 4-ஆம் இடுப்பு முள்ளெலும்புக்கு நேர். இந்தப் பின்னல் அதற்கு மேலே, ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னது பிற்காலத்தவர். செரிமானத்துக்கு வந்தால், குடலின் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் தனியாக இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் நரம்பு போனாலும் குடல் தானே அசையும், உறிஞ்சும். வலி குறைந்தபின் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுபவர்கள் உண்டு. ஆயுள் கூடும் என்றும் சொல்லாதீர்கள். அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

பதில்: கோத்தகிரி சிஸ்டர்

கடைசியாக ஒன்று. இரவில் குளிர் என்று முதுகுக்கு வெந்நீர்ப் பை வைக்கிறார்கள், கணப்புச் சட்டியும் உள்ளே வைக்கிறார்கள். ஊசிக்குப் பின் இது சரியா? மாத்திரைக்குப் பதில் ஃபென்டனில் பேட்ச் ஒட்டலாமா என்றும் மகன் கேட்கிறார்.

பதில்: குன்னூர் வலித்தணிப்பு

இந்தப் பின்னல் உள்ளுறுப்புகளுக்கானது, தோலின் உணர்வு அப்படியே இருக்கும். ஆனால் மருந்து இடுப்பு நரம்புக்குக் கசிந்திருந்தால் தொடையின் முன்புறமோ இடுப்போரமோ மரத்திருக்கும்; அங்கே வெந்நீர்ப் பை வைத்தால் வெந்ததே தெரியாது. பஞ்சால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, மரப்பு இல்லை என்றால் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். ஊசி போட்ட இடத்தில் முதல் நாள் வேண்டாம்.

மூடிய அறையில் கணப்பு கூடவே கூடாது. மார்ஃபின் எடுத்துத் தூங்குபவருக்குக் கரிப்புகையின் முதல் அறிகுறியான தலைவலிகூட எழுப்பிச் சொல்லாது.

பேட்ச் இந்த வாரம் வேண்டாம் சிஸ்டர். வலி குறையும்போது அளவை வேகமாக இறக்க முடிய வேண்டும். பேட்சைப் பிய்த்தபின்னும் தோலில் தங்கிய மருந்து பாதியாகவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்மேல் வெந்நீர்ப் பையோ கணப்பின் சூடோ பட்டால் ஒரே இரவில் அதிகமாக உள்ளே போய்விடும். மாத்திரையிலேயே இருக்கட்டும். மூன்றாவது வாரம் வலி ஒரு நிலையில் நின்றபின் தேவையா என்று பார்க்கலாம்.